பரீட்சைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

இன்று காலை கம்பெனியில் எங்கள் தையல் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியின் உள்ளங்கையைத் தோல் சீவும் கத்தி கிழித்துவிட்டது. பசை வாடைக்கு நடுவே பச்சை ரத்த வாடை எழுந்தது. என் கை தானாக ஓடியது. துணியை வைத்து அழுத்தினேன், அவள் கையை உயர்த்திப் பிடித்தேன். "கண்ணைத் தொற. என்னைப் பாரு" என்று அதட்டினேன். அது என் குரல் இல்லை, உன் குரல். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இதே ஆம்பூர் ஷூ கம்பெனியில் உன் தையல் மெஷினும் என்னுடையதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பன்னிரண்டாவது முடித்ததுமே உன்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். படிக்க முடியாமல் போனதைப் பற்றி நீ அழுததில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனை என் முன்னால் நீட்டினாய். பல்கலைக்கழகப் பாடங்கள், வீட்டிலிருந்தே படிக்கலாம். அறிவியல், இன்ஜினியரிங், மருத்துவம், சங்கீதம் எல்லாம் ஒரே பக்கத்தில்.

"இன்னாடி இது, பிரியாணிக் கடையில செருப்பும் விக்கிற மாதிரி?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "யாரு வேணும்னாலும் சேரலாமாம் கலா. கேட்ல நிறுத்தி, நீ யாரு, எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டாங்க."

ஆளுக்கு ஒரு காதில் இயர்போன் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டோம். பாலம் எப்படி நிற்கிறது என்ற பாடத்தில் நான் தூங்கிவிட்டேன். சுருதி பற்றிய பாடத்தைக் கேட்டு நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். கடைசியில் அவசர முதலுதவிப் பாடத்தில் இருவரும் சேர்ந்தோம். "இங்க யாருக்கு அடிபட்டாலும் சுத்தி நின்னு வேடிக்கைதானே பாக்கறோம். இது முடியட்டும், அப்பறம் அந்தப் பாட்டுப் பாடத்துல சேரலாம்" என்றாய்.

உன் வீட்டுக்காரன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தான். அடுப்படியில் நீ பாடம் கேட்டுக்கொண்டிருந்தபோது அவன் காதில் விழுந்தது ஓர் ஆண் குரல் மட்டும்தான்.

"எவன்டி அவன்? டெய்லி உங்கிட்ட பேசறவன்?"

"வாத்தியாரு. எத்தனையோ பேருக்கு எடுக்கறாரு. அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது."

போனை அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் நசுக்கினான். அப்புறம் உன் தலைமுடியைப் பிடித்து, முகத்தை அதே கல்லில் மோதினான். மறுநாள் உதடு கிழிந்து வந்தாய். அடுத்த வாரம் பெல்ட்டால் விளாசினான். கழிவறையில் ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாய். விலா முழுக்கக் கருநீலம். போலீசுக்குப் போகலாம் என்று நான் கத்தினேன். நீ விரலால் ஒவ்வோர் எலும்பாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இழுத்து மூச்சு உட்டா சுருக்குனு குத்தணும். குத்தல. அப்போ ஒடையலடி."

பாடத்தை உன் உடம்பிலேயே படித்தாய். "பரீட்சை முடிஞ்சதும் அம்மா வூட்டுக்குப் போய்டுவேன். சர்டிஃபிகேட்டை வச்சு ஆஸ்பத்திரில வேலை கேப்பேன். இனிமே இவன் கையில சாவ மாட்டேன்" என்றாய். அதன்பிறகு என் போனில்தான் படித்தோம்.

பரீட்சை வேலூரில், ஒரு கல்லூரியில். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நீ மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாய். வேலூர் பஸ் வந்து நின்றதும் படியில் கால் வைத்தாய். பின்னாலிருந்து அவன் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான்.

"எந்த வாத்தியார்டி உன்னை வேலூருக்குக் கூப்டான்?"

அவன் கையில் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த கத்தி. உன்மேல் பாய்ந்தவனை நான் தடுத்தேன். என் இடது முழங்கைக்குக் கீழே தோலும் சதையும் பிளந்தன. ரத்தம் பீறிட்டு பஸ் கண்ணாடியில் அடித்தது. நீ அவன் முகத்தில் பையால் அடித்தாய், கையைக் கடித்தாய். அவன் உன்னைக் கட்டிப்பிடித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. கண்டக்டரும் ஒரு ஆட்டோக்காரரும் அவனைப் பின்பக்கமாக இழுத்துத் தரையில் சாய்த்து மிதித்தார்கள். மற்றவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.

நீ என்மேல் விழுந்தாய். துப்பட்டாவை என் முழங்கைக்கு மேலே சுற்றி முடிச்சுப் போட்டாய். பரீட்சைக்கு வாங்கிய பேனாக்களைச் சேர்த்து அந்த முடிச்சில் சொருகி முறுக்கினாய். வலியில் உன்னை அசிங்கமாகத் திட்டினேன். நீ விடவில்லை.

"கண்ணைத் தொற. என்னைப் பாரு கலா. அண்ணே, மணி இன்னா?"

கண்டக்டர் சொன்னார். "கட்டுன டைம் இது. டாக்டர் கேப்பாங்க, மறந்துடாத" என்றாய். பிறகு பஸ் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாய். "எனக்கு இன்னாவோ குளுருதுடி."

அப்போதுதான் பார்த்தேன். மஞ்சள் சுடிதார் இடுப்புக்குக் கீழே மஞ்சளாக இல்லை. வயிற்றில் குத்தியிருந்தான். உள்ளே கசியும் ரத்தத்தை எந்தத் துணியாலும் கட்ட முடியாது என்று நாம் இருவருமே படித்திருந்தோம். உனக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் முதலில் என் கையைக் கட்டியிருக்கிறாய். வேலூர் போய்ச் சேரும் முன்பே, ஆம்புலன்ஸில் நீ போய்விட்டாய்.

கோர்ட்டில் அவன் வக்கீல் என்னிடம், "அந்தம்மா போன்ல எந்த ஆம்பளை கூடப் பழகினாங்க?" என்று கேட்டார். கூண்டைத் தாண்டிக் குதித்து அவர் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது. "ரத்தத்தை எப்படி நிறுத்தறதுன்னு சொல்லித் தர்ற வாத்தியாரு சார். வேணும்னா இப்பவே போட்டுக் காட்டறேன்" என்றேன். யாரும் போடச் சொல்லவில்லை. அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த முறை நடந்த பரீட்சையை நான் எழுதித் தேறினேன். பாட்டுப் பாடத்தில் மட்டும் சேரவில்லை. சுருதியைக் கேட்டாலே எதையாவது உடைக்கத் தோன்றுகிறது.

போன மாதம் அவன் அம்மா வந்தாள். அவனுக்குப் பரோல் கேட்டிருக்கிறார்களாம், போலீஸ் வந்து விசாரித்தால் ஆட்சேபணை இல்லை என்று நான் சொல்ல வேண்டுமாம்.

"எனக்கும் ஒடம்பு முடியல கண்ணு. சாவறதுக்குள்ள அவனை ஒரு தபா பாத்துக்கறேன். நடந்தது நடந்துபோச்சு. மன்னிச்சு உட்டுடு."

அவளும் பாவம்தான், நடக்க முடியாமல் நடந்து வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பிறகு என் இடது கையை அவள் மடியில் வைத்தேன்.

"இந்தச் சுண்டுவிரலு மடங்காது. இது உங்க புள்ள பண்ணது. மீதி நாலும் மடங்குது பாருங்க. அது உங்க மருமக பண்ணது."

அவள் அந்த விரல்களைத் தடவிக்கொண்டே அழுதாள். போலீஸ் வந்தபோது, ஆட்சேபணை இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் கோபத்தை விட்டால்தான் உன் ஆத்மாவுக்கும் சாந்தி என்கிறார்கள். மன்னிப்பு என்ற சொல்லை யார் சொன்னாலும் இந்த நான்கு விரல்களும் தானாக மடங்கி இறுகுகின்றன. நீ உயிர் கொடுத்துவிட்டுப் போன விரல்கள். நான் அவற்றைப் பிரிப்பதில்லை.