மைக் செட்டும் கேசட்டும் நீயும்

அன்புள்ள கிரேஸ்,

உன் மேல் எனக்கிருக்கும் பொறாமை இன்னும் போகவில்லை. உன்னைக் கல்லறையில் அடக்கம் பண்ணி முடித்ததும் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தோம். லீவுக்கு உன்னை வீட்டுக்குக் கூட்டிவந்தவள் நான். வந்தாய், என் அண்ணனைக் கட்டிக்கொண்டாய். நான் பிறந்து வளர்ந்த தென்காசி சபையையும் கூடவே எடுத்துக்கொண்டாய்.

கோயிலுக்கு மைக் செட் வந்த ஞாயிறு நினைவிருக்கிறதா? சபையாருக்கு விளக்கிச் சொல்லும்படி போதகர் என்னைத்தான் கேட்டார். ஒலி எப்படி மின்சாரமாகிறது, அது மறுபடி எப்படி ஒலியாகிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து மேலகரத்து ரூத் ஆச்சி குரல் கொடுத்தாள்.

"ஏட்டி, ஆண்டவருக்குக் காது மந்தமாயிட்டுன்னா மைக்கு வைக்கீங்க?"

கோயிலே சிரித்தது. நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாய்: "அவருக்கு நல்லா கேக்கும் ஆச்சி. உங்க பேத்திக்குக் கல்யாண ஓலை வாசிக்கும்போது கடைசிப் பாயில இருக்கவளுக்கும் கேக்க வேண்டாமா?"

பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் மூன்று ஞாயிறு வாசித்தும் பின்வரிசைக்கு எட்டாத காலம் அது. ஆச்சி உடனே, "அப்ப அந்தக் குழாய் ஸ்பீக்கரை எங்க பக்கமாத் திருப்பி வைங்க" என்றாள். அவ்வளவுதான். என் விளக்கம் பாதியில் நின்றது. யாரும் மீதியைக் கேட்கவில்லை.

இப்போது கேசட் வந்திருக்கிறது. ஆராதனையைப் பதிவு செய்து, வரமுடியாதவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடப்போகிறோம். அறிவிக்கும் வேலை மறுபடி எனக்கு. இந்தத் தடவை நீ குறுக்கே வரமாட்டாய் என்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், ஒரு நிம்மதி இருந்தது.

ஆச்சி விடவில்லை. "டேப்புக்கு ஆமென் சொன்னா மேல கணக்குல வருமா?"

மேலே கணக்கு வைக்கிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனாலும் சொன்னேன்: "டேப்பு பாடும், பிரசங்கம் பண்ணும். ஆமென் மட்டும் நீங்கதான் சொல்லணும் ஆச்சி. வீட்டுல கிடந்தாலும் அந்த வேலைக்கு லீவு கிடையாது."

கோயில் சிரித்தது. முதல்முறையாக என்னோடு சேர்ந்து சிரித்தது.

ஆச்சி பக்கத்தில் இருந்தவளிடம் சத்தமாகவே சொன்னாள்: "பாரேன், அப்படியே நம்ம கிரேஸ் மாதிரியே பேசுதா!"

இதற்கு நான் என்ன செய்யட்டும், சொல்லு? நான் ஜெயித்த ஒரே ஞாயிற்றையும் நீயே வாங்கிக்கொள்ள வேண்டுமா?

ஆச்சிக்கு இப்போது முழங்கால் முடியவில்லை. சாரல் விழுந்தால் கோயிலுக்கு வரமாட்டாள். சீசன் தொடங்கிவிட்டது, அதனால் முதல் கேசட் அவள் வீட்டுக்குத்தான். டேப் ரிக்கார்டரை நானே தூக்கிக்கொண்டு போவேன். போனதும் அவள் உன் பேச்சைத்தான் எடுப்பாள். அவள் பேசி முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்துவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இருபது வருஷத்துக்கு மேல் உன்னைப் பேர் சொல்லியே கூப்பிட்டேன். அண்ணன் மனைவியைக் கூப்பிட வேண்டிய, என் வாயில் வராத வார்த்தையை இங்கே எழுதிவிடுகிறேன், மைனி.

உன் நாத்தனார்,
சலோமி