மைதா டின்னுக்கு அடியில் இருந்த பாஸ்போர்ட்

நான் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே சிரிக்கிற என் அத்தைக்கு,

உங்க மாப்ள மாதையன் அதியமான்கோட்டையிலிருந்து எழுதறேன். ஆறாவதுக்கு மேல பள்ளிக்கூடம் பக்கம் போகாதவன். எழுத்து கோணலாத்தான் இருக்கும். போன் பண்ணினா "சொல்லு லா மாப்ள, இன்னைக்கு என்ன கூத்து?"ன்னு உங்க மலேசியா 'லா' போட்டு நீங்களே ஆரம்பிப்பீங்க. இன்னைக்குக் கூத்து எதுவும் இல்லைங்க அத்தை. சிரிக்காம கேளுங்க.

நீங்க போயி இருபத்தாறு நாள் ஆச்சு. முப்பதாம் நாள் மலேசியாவுல, கிள்ளான்ல உங்க வூட்டுல எல்லாரும் கூடியிருக்கறப்போ இந்தக் கடுதாசிய சத்தமா படிக்கணும்னு உங்க மகன் குணாகிட்ட சொல்லியிருக்கேன். "எனக்குத் தனியா அனுப்புங்க மச்சான், எதுக்கு ஊரக் கூட்டி?"ன்னார். வேணாம், ஊரக் கூட்டியே படிங்கன்னேன்.

இது உங்க மக புவனா போட்ட கட்டளை. "எங்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க. எங்கம்மாகிட்ட கேளுங்க. எங்க சொந்தக்காரங்க காதுல விழற மாதிரி கேளுங்க"ன்னுட்டா. ஏன்னா, பெத்த தாய் சாவுக்கு வரலைன்னு அங்க அவளத்தான் பேசறாங்களாம். "இந்தியா ஊர்க்காரனக் கட்டிக்கிட்டுப் போனதும் அம்மாவ மறந்துட்டா"ன்னு உங்க நாத்தனார் சொன்னாங்களாம். அது போன் வழியா வந்து இவ காதுலயும் விழுந்துருச்சு.

அத்தை, பரிசல் ஞாபகம் இருக்கா? கிள்ளான்ல உங்க தெரு முனை ஹோட்டல்ல பரோட்டா மாஸ்டரா இருந்தவன், பர்மிட் முடிஞ்சு ஊருக்கு வந்துட்டேன். பின்னாலயே பொண்ணக் கூட்டிக்கிட்டு நீங்க கல்யாணத்துக்கு வந்தீங்க. மறுநாள் ஒகேனக்கல் கூட்டிட்டுப் போனேன். பரிசல்காரர்கிட்ட நான்தான் கண்ணக் காட்டினேன். நடு ஆத்துல பம்பரமாட்டம் சுத்த விட்டாரு. "ஐயோ, நிறுத்தச் சொல்லு லா!"ன்னு என் சட்டையப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினீங்க. புவனா என் முதுகுல குத்தினா.

பரிசல் நின்ன பிறகும் நீங்க சட்டைய விடல. "வருஷத்துக்கு ஒரு தடவ எம் பொண்ண எங்கிட்ட அனுப்பி வைக்கணும். சொல்லு"ன்னீங்க. "சரிங்க அத்தை, சரிங்க"ன்னேன். "சிரிச்சுக்கிட்டே சொல்லாத. தண்ணியத் தொட்டுச் சொல்லு"ன்னீங்க. குனிஞ்சு தொட்டேன். தொடறப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன்.

அப்புறம் புவனாவுக்கு அஞ்சு வருஷத்துக்கு விசா ஒட்டிக் குடுத்தாங்க. இந்தியாக்காரன் மனைவிங்கறதுக்காகக் குடுக்கற விசா. நான் அதுக்கு பொண்டாட்டி விசான்னு பேரு வெச்சேன். பைபாஸ்ல நான் போட்ட பரோட்டா கடைக்கு வர்ற லாரிக்காரங்களுக்கெல்லாம் காட்டுவேன். "பால் பாக்கெட்டுக்குப் போடற மாதிரி எம் பொண்டாட்டிக்கும் தேதி போட்டு அனுப்பியிருக்கான் பாருய்யா." அவங்களும் சிரிப்பாங்க, அவளும் சிரிப்பா. அவ இழுத்து ஆத்தற டீக்குன்னே வண்டிய நிறுத்தறவங்க இருந்தாங்க.

மூணாவது வருஷம் எங்க பாப்பாவத் தூக்கிக்கிட்டு உங்கள பாக்க வந்தா. ஒரு மாசம்னு வந்தவ நாலு மாசம் இருந்தா. உங்களுக்கு முட்டி ஆபரேஷன், அவதான் பாத்துக்கிட்டா. எனக்கும் அது தெரியும். ஆனா இங்க தினம் ஒருத்தன் கேப்பான். "என்ன மாஸ்டர், மலேசியா டீ கிளம்பிப் போயிருச்சா? அது இனி வராது." எவன் கேலி பண்ணினாலும் திருப்பிக் குடுக்கற வாய் இது. அப்ப மட்டும் குனிஞ்சு மாவப் பிசைஞ்சேன். கல்லுல போட்ட பரோட்டா கருகுச்சு.

திரும்பி வந்துட்டா. ரெண்டு வருஷம் கழிச்சு, பாஸ்போர்ட்டோட வந்து நின்னா. "என்னங்க, விசா முடியப் போகுது. எஸ்.பி. ஆபீசுல குடுத்து நீட்டிக்கணும்."

"ஏன், ஓடிப் போகப் போறியா?"ன்னேன்.

"போறதுக்கு இல்லீங்க. இங்க இருக்கறதுக்குத்தான் கேக்கறேன்."

பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டுக் கிளம்பினேன். ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன் அத்தை. உள்ள போனா இங்கிலீசுல கேப்பாங்க, நாலு பேரு முன்னாடி முழிக்கணும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கு, அத அப்புறம் சொல்றேன். வண்டியத் திருப்பிட்டேன். கடையில ஆளில்லாத நேரம் பாத்து மைதா டின்ன நகர்த்தி, அதுக்கடியில பாஸ்போர்ட்ட வெச்சுட்டேன். "ஆபீசுல குடுத்திருக்கேன். முடிஞ்சதும் அவங்களே கூப்பிடுவாங்க"ன்னேன்.

அந்தச் சமயத்துலதான் ரேஷன் கார்டு. கடையில தினம் டீ குடிக்கற கட்சிக்காரர் ஒருத்தர், "பேரு சேக்கணுமா? குடு மாஸ்டர்"ன்னார். சேந்துருச்சு. கொஞ்ச நாள்ல வாக்காளர் பட்டியல்லயும் ஏறிருச்சு. எனக்கு நெஞ்சுல இருந்த பாரமே இறங்கின மாதிரி இருந்துச்சு. சர்க்காரே அரிசி போடுது, சர்க்காரே ஓட்டுப் போடக் கூப்பிடுது, இனி எவன் வந்து விசா கேப்பான்? என் அறிவு அம்புட்டுதான். "நீ இப்ப இண்டூர் சந்தையில விக்கிற கத்திரிக்கா மாதிரி, சுத்தமா இந்த மண்ணு"ன்னு அவளையும் நம்ப வெச்சேன்.

மை வெச்ச விரல அவ போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினா. அந்தப் போட்டோவ நீங்க கோயில்ல எல்லாருக்கும் காட்டினீங்களாமே. வெளிநாட்டுக்காரி ஓட்டுப் போடறது குத்தம்னு உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எனக்கு? விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். விசாரிக்கல.

நாலு வருஷம் ஓடுச்சு. "எப்ப லா அனுப்புவ?"ன்னு நீங்க கேக்கறப்பல்லாம், "அவள அனுப்பிட்டா டீ ஆத்த யாரு? நீங்க வேணா வாங்க அத்தை, சம்பளம் போட்டுத் தர்றேன்"னேன். சிரிச்சீங்க. கடைசியா பேசினப்போ மட்டும் சிரிக்கல. "சரி மாப்ள"ன்னு வெச்சுட்டீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா அத்தை? அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம்?

நீங்க போன சேதி வந்தப்போ காலையில பத்து மணி, கடை நிறைய ஆளு. போன வெச்சுட்டு புவனா அழல. கையத் துடைச்சுக்கிட்டு எங்கிட்ட வந்தா. "ஆபீசுல சொல்லி என் பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வாங்க. சாயங்காலம் பிளேன் ஏறினாக்கூட முகத்தப் பாத்துடலாம்."

வண்டிய எடுத்துக்கிட்டு தர்மபுரி போனேன். பஸ் ஸ்டாண்ட ரெண்டு சுத்து சுத்தினேன். திரும்பி வந்து, பின்பக்கமா கடைக்குள்ள நுழைஞ்சு, டின்ன நகர்த்தி எடுத்தேன். முன்பக்கமா வந்து, "இந்தா, குடுத்துட்டாங்க"ன்னு நீட்டினேன். நீங்க செத்துக் கிடக்கறீங்க, நான் அப்பவும் நடிச்சேன்.

அவ பாஸ்போர்ட்டப் பிரிச்சா. ஏட்டு நடுவுலயிருந்து வெள்ளையா மாவு கொட்டுச்சு. விரல்ல தொட்டுப் பாத்தா. மோந்து பாத்தா.

"ஏங்க, எஸ்.பி. ஆபீசுல பரோட்டா போடறாங்களா?"

கடையில இருந்த ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. வழக்கமா நான்தான் சிரிக்க வைப்பேன். அவ விசாப் பக்கத்தத் திருப்பி தேதியப் பாத்தா. முன்பக்கம் வந்து பாஸ்போர்ட் தேதியப் பாத்தா. ரெண்டும் முடிஞ்சிருந்துச்சு. மூடி, மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டா.

உங்களக் குளிப்பாட்டறப்போ குணா சம்சாரம் வீடியோ போட்டு செல்போன உங்க தலைமாட்டுல பிடிச்சுக்கிட்டாங்க. எண்ணெய் அரப்பு வைக்க மகளக் கூப்பிட்டாங்க. புவனா இங்க உள்ளங்கையில எண்ணெய ஊத்திக்கிட்டு நின்னா. "அண்ணி, எனக்குப் பதிலா நீங்க வையுங்க"ன்னா. வெச்சாங்க. போன் முடிஞ்சுது. கையில இருந்த எண்ணெய என்ன பண்றதுன்னு தெரியாம நின்னா அத்தை. துடைக்கவும் மனசில்ல, கீழ விடவும் மனசில்ல. முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. நான் ஒரு துணிய நீட்டினேன். வாங்கல.

மறுநாள் ரெண்டு பேரும் எஸ்.பி. ஆபீஸ் போனோம். வெளிநாட்டுக்காரங்களப் பாக்கற பிரிவுல ஒரு அம்மா இருந்தாங்க. நான் பெருமையா ரேஷன் கார்டையும் ஓட்டர் கார்டையும் மேசை மேல வெச்சேன். அவங்க நிமிர்ந்து பாத்தாங்க.

"ஏங்க, இது ரெண்டும் உங்களுக்குச் சாட்சின்னு நெனச்சு கொண்டாந்தீங்களா? இதுதாங்க பெரிய குத்தம். முதல்ல இத ஒப்படைங்க. அதுக்குத் தனியா கேள்வி வரும், மறைக்காம பதில் சொல்லுங்க."

அப்புறம் பொறுமையா சொன்னாங்க. ரெண்டு வழி இருக்காம். ஒண்ணு, இங்கயே இருந்துக்கிட்டு, கெடு தாண்டினதுக்கு அபராதம் கட்டி, மன்னிச்சு நீட்டிக் குடுங்கன்னு கேக்கறது. மேல இருந்து பதில் வர்ற வரைக்கும் நாட்ட விட்டுப் போக முடியாது. இன்னொண்ணு, எக்சிட் பெர்மிட் வாங்கிக்கிட்டுக் கிளம்பறது. போன பிறகு அங்கிருந்து புதுசா விசா கேக்கணும். குடுக்கலாம். குடுக்காமலும் போகலாம். சில வருஷம் வரக்கூடாதுன்னும் சொல்லலாம். "எதுக்கும் நான் உறுதி சொல்ல முடியாதும்மா"ன்னாங்க.

"கல்யாணமாகி ரெண்டு வருஷத்துலயே ஓ.சி.ஐ. கார்டு கேட்டிருக்கலாமே. வாழ்நாள் பூரா விசாவே இல்லாம போயிட்டு வந்திருக்கலாம். விசா உயிரோட இருந்தப்போ ஏங்க வரல?"

என்னைப் பாத்துத்தான் கேட்டாங்க. எது கிடைச்சா இவ போயிருவான்னு நான் நடுங்கினேனோ, அது கிடைச்சிருந்தா இவ வருஷத்துக்கு மூணு தடவ உங்க மடியில படுத்துட்டு வந்திருப்பா. உங்க தலையில அவ கையாலயே எண்ணெய் வெச்சிருப்பா.

ஏன் கெடு தாண்டிச்சுன்னு விளக்கம் எழுதிக் குடுக்கணும்னாங்க. ஆபீசுக்கு எதிர்ல டைப் அடிக்கற கடை. அங்க இருந்தவரு இந்த மாதிரி நிறையப் பாத்தவரு. "உடம்பு சரியில்லாம இருந்தாங்கன்னு போட்டுடலாங்க. இல்லாட்டி பாஸ்போர்ட்ட அவங்களே எங்கயோ வெச்சு மறந்துட்டாங்கன்னு போடலாம். பொம்பளைங்க மறதின்னா ஒத்துக்குவாங்க."

புவனா சொன்னா: "அப்படியே போடுங்க சார். அம்மாவ மறந்தவள்னு ஏற்கெனவே பேரு வாங்கியாச்சு. பாஸ்போர்ட்ட மறந்தவள்னும் இருந்துட்டுப் போகட்டும்."

அத்தை, எனக்கு அங்கயே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

"நான் சொல்றத அடிங்க"ன்னேன். "விசா முடிஞ்சது எனக்குத் தெரியும். என் மனைவி கேட்டப்போ ஆபீசுல குடுத்துட்டேன்னு பொய் சொன்னேன். பாஸ்போர்ட்ட ஒளிச்சு வெச்சது நான். ஒரு தடவ அம்மா வூட்டுக்குப் போனவ நாலு மாசம் வரல. இன்னொரு தடவ போனா வரவே மாட்டான்னு பயந்தேன்." அதுதான் அந்த இன்னொரு காரணம். இவ்வளவு வருஷத்துல முதல் தடவையா வாய் விட்டுச் சொன்னேன்.

அவரு கைய எடுத்துட்டாரு. "இதக் குடுத்தா உங்க மேல கேஸ் வருங்க."

"என் மேலதான வரணும்? அடிங்க."

ரோட்டுக்கு வந்த பிறகுதான் புவனா பேசினா. "நாலு மாசம் இருந்தது எங்கம்மா முட்டிக்கு. அஞ்சாவது மாசம் கிளம்பி வந்தது யாருக்குங்க?"

நான் போயி வண்டிய எடுத்தேன்.

அவ ரெண்டாவது வழியத்தான் எடுத்திருக்கா. திரும்பி வர முடியாம போகலாம்னு தெரிஞ்சே எடுத்தா. சென்னைக்குப் போயி உங்க நாட்டுத் தூதரகத்துல புது பாஸ்போர்ட் வாங்கியாச்சு. எக்சிட் பெர்மிட்டுக்குப் பதிஞ்சாச்சு. போலீஸ்காரர் வூட்டுக்கு வந்து விசாரிச்சுட்டுப் போனாரு. அந்த ரெண்டு கார்டையும் ஒப்படைச்சுட்டோம். அது சம்பந்தமா என்னைக் கூப்பிடுவாங்க, போவேன்.

பாப்பாவுக்கும் பாஸ்போர்ட் எடுக்கணும். அப்பா, அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அவ போட்டுட்டு பாரத்த எங்கிட்டத் தள்ளினா. நான் பேனா எழுதலைன்னு உதறிப் பாத்தேன் அத்தை. பேனா நல்லாத்தான் எழுதுச்சு. புவனா நிமிர்ந்துகூட பாக்கல, பையில இருந்து வேற பேனா எடுத்து நீட்டினா. போட்டுட்டேன்.

புது பாஸ்போர்ட் அவ பையிலயே இருக்கு. எங்க வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டேன்.

அன்னைக்குப் பரிசல்ல சிரிச்சுக்கிட்டே குடுத்த வாக்க இப்ப சிரிக்காம குடுக்கறேன். ஏர்போர்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போயி விடுவேன். "எப்ப வருவ?"ன்னு கேக்க மாட்டேன். அவளுக்கு விசா குடுத்து, அவளுக்கே மனசும் இருந்து வந்தாள்னா, வருஷா வருஷம் உங்க வாசலுக்கு அனுப்பி வைப்பேன். நீங்க அங்க இல்லாட்டியும் அனுப்புவேன். வரலைன்னா, அதுக்குக் காரணம் நான்னு கடையில கேக்கறவங்களுக்குச் சொல்லுவேன். கேலியா இல்ல, நெசமா.

குணா, படிக்கறப்போ உங்க அத்தை, அதான் அந்த நாத்தனார், அங்க இருந்தாங்கன்னா, இந்த ஒரு வரிய மட்டும் ரெண்டு தடவ படிங்க: புவனா அவங்கம்மாவ ஒரு நாளும் மறக்கல. நான்தான் அவள வர விடல.

ஆத்துத் தண்ணியத் தொட்டுச் சொல்லிட்டு ஏமாத்தின,
உங்க மருமகன்
மாதையன்