எழுபத்து நாலுக்கு ஒரு விருந்தாளி

அன்பு மகளுக்கு,

உன் உம்மாவின் நினைவு இனித் திரும்பாது என்று மருத்துவர் இன்று காலை என்னிடம் உறுதியாகச் சொன்னார். அவளுக்கு இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருடம். எழுபத்தெட்டில் மூடிய நம் துணிக்கடை அவளுக்கு இன்னும் திறந்திருக்கிறது.

"மச்சான், கடைக்குப் போகலையா? சேக்கு நானா சாவிக்கு நிக்கிறாங்க" என்கிறாள், நம் பழைய கடையாள் இன்றும் வாசலில் நிற்பதுபோல.

"இந்தா கெளம்பிட்டேன் புள்ள" என்று சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்வருகிறேன்.

நீ விட்டுச்சென்ற காதல் நாவல்களை இப்போது நான்தான் படிக்கிறேன். இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி இருநூறு வருடம் முந்தைய இங்கிலாந்தில் போய் விழுந்து, அங்கே ஒருவனை நேசிக்கிறாள். முன்பு உன்னைக் கேலி செய்வேன். நடக்கப்போவது எல்லாம் அவளுக்குத் தெரியும், அவனிடம் சொல்வதில்லை. அந்த இடம் வந்தால் மறுபடி மறுபடி படிக்கிறேன்.

நீ எண்பதில் பிறந்தவள். அதனால் டான் சோன் நாட் விமான நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் "உம்மா" என்று கட்டிக்கொள்ளாதே. "யாரு வீட்டுப் புள்ளம்மா நீ?" என்று கேட்பாள். காரைக்காலிலிருந்து வந்த உறவு என்று சொல். சாப்பிடாமல் விடமாட்டாள். உட்கார்ந்து சாப்பிடு.

உன்னை அவளுக்குப் பிடிக்குமா என்பது நீ வந்து சேரும் வெள்ளிக்கிழமை மாலை தெரியும்.

உன் வாப்பா