காமினியின் குதிகால்

கெலுகோர், பினாங்கு
15 செப்டம்பர்

தம்பி யுகேந்திரனுக்கு,

உன் அக்கா தனலெட்சுமி எழுதுகிறேன். வழக்கம்போல நலம் விசாரித்துத் தொடங்கத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த வரி வரவில்லை. அது இல்லாமலே எழுதுகிறேன்.

புதன்கிழமை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்தேன். போனில் பேசினால் கத்திவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். அதனால்தான் தாளில் எழுதி, சபாவில் நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் விளையாட்டுப் பள்ளி முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் காமினியைப் பற்றிச் சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுப் போன வாரம் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். இரண்டு முறை கீறிச் சீழ் எடுத்தார்கள். வலது குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குப் புதுத் தோல் இன்னும் மூடவில்லை. விரல்களை மட்டும் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பள்ளிக்குச் சிலிப்பர் போட்டுப் போக டாக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார். உன் அத்தான் தினமும் காலையில் அவளைக் கட்டு மாற்றக் கூட்டிப் போய்விட்டு, அதன்பிறகு பாலம் தாண்டி ஜுருவில் உள்ள கார் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார். உன் பெயரை அவர் சொல்வதில்லை. 'அந்த ஆள்' என்கிறார். நான் திருத்தவில்லை.

இப்போது நீ அனுப்பிய கடிதம். நீயே டைப் அடித்து, என் பெயரைக் கீழே போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டு அனுப்பியிருக்கிறாய். என் மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து உரசிப் புண் வந்தது, பயிற்சிக்கு முன்பே அது இருந்தது, ஓட்டக் கழகப் பயிற்றுநரான உன்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று அதில் நான் சொல்கிறேனாம். "கழகத்துல சும்மா ஒரு விசாரணை லா அக்கா, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். எனக்கு இங்க இன்னும் நிரந்தரம் ஆகல" என்று குரல் பதிவு வேறு. ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அதில் காமினியின் கால் எப்படி இருக்கிறது என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. மூன்று முறை போட்டுக் கேட்டேன், எங்காவது விட்டுவிட்டேனோ என்று.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நான் சொல்ல வருவது பொய்யில்லை என்று நீ என் கையெழுத்தில் படிக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை விளம்பரக் கம்பெனி கொடுத்த சப்பாத்துகள் பெட்டி பெட்டியாகத் திடலுக்கு வந்தன. பிள்ளைகளின் காலை அளக்காமல், நீயாகக் குத்துமதிப்பாக எழுதிக் கொடுத்த அளவுகள். காமினிக்கு முப்பத்தெட்டு. அவள் கைக்கு வந்தது முப்பத்தாறரை. விரல் இடிக்கிறது என்று உன்னிடம்தான் முதலில் சொன்னாள். "ஓட ஓட விரியும்" என்றாய். கம்பெனிக்குப் படம் எடுத்தாயிற்று. அதோடு கழற்றியிருந்தால்கூடப் போயிருக்கும். புத்தம்புதுச் சப்பாத்தில், தூறலில், கடலோரச் சாலையில் எட்டுக் கிலோமீட்டர் ஓடவிட்டாய். கம்பெனிக்காரருக்கு வீடியோ வேண்டுமாம்.

காமினியோடு ஓடிய இல்ஹாமின் அம்மா ஹபீபா பீவி பாதி வழியில் வந்து தன் பெண்ணை நிறுத்தினார். சாப்பாட்டுக் கடையை அப்படியே விட்டுவிட்டுச் சிலிப்பரோடு ஓடி வந்தவர். சாலையோரம் உட்கார வைத்து, சப்பாத்தைக் கழற்றி, பிள்ளையின் காலை மடியில் வைத்துப் பார்த்தார். நீ எல்லார் முன்னாலும், "அக்கா, உங்க பிள்ளைய கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டிக்குங்க லா" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன், யுகேந்திரா. என் தம்பி கோச், என் மகள் நிற்காமல் ஓடுகிறாள் என்கிற திமிர். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயை நானே கழுவ வேண்டும்போல இருக்கிறது.

சாயங்காலம் அவளுடைய காலுறையைத் துவைக்க எடுத்தேன். குதிகால் பக்கம் பழுப்பாக ஒட்டிக் காய்ந்து, விறைத்துப் போயிருந்தது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு மின்சுற்றுப் பலகைகளைப் பார்த்து, இது நல்லது, இது பழுது என்று பிரிக்கிறவள் நான். முடி அளவு கீறல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் காலுறையைப் பார்த்தும் சோப்புத் தண்ணீரில் போட்டு அமுக்கிவிட்டேன். காமினி "ஒண்ணுமில்லம்மா" என்றாள். செவ்வாய்க்கிழமை மாநிலத் தேர்வு ஓட்டம் என்பதால் நானும் ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொண்டேன். மேலே ஒரு பிளாஸ்டரை ஒட்டிப் பயிற்சிக்கு அனுப்பினேன். இது உன் கணக்கில் இல்லை, என் கணக்கில். அதை விசாரணையிலும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை நீ செய்ததை நான் நேரில் பார்க்கவில்லை. நீயே ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டிய வீடியோவில்தான், மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் புல்லில் வரிசையாக உட்கார வைத்துக் காலுறையைக் கழற்றச் சொல்லி, யாருக்குப் பெரிய கொப்புளம் என்று போட்டி வைக்கிறாய். கொப்புளம் சின்னதாக இருக்கிற பிள்ளையைப் பார்த்து, அன்றைக்கு ஓடினாயா, தூங்கினாயா என்று கேட்கிறாய். காமினியிடம் வந்ததும் "இரும்புக் கால்!" என்று கத்துகிறாய். அவள் பனியனில் எண் துணியைக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, உன் கால்சட்டையில் ஒரு துடை துடைத்து, மறுபடி நீர் கோத்திருந்த கொப்புளத்தில் குத்துகிறாய். தண்ணீர் பீய்ச்சியதும் பிள்ளைகள் "ஈய்ய்" என்கிறார்கள், நீ சிரிக்கிறாய். பிறகு இரண்டு விரலால் அந்தத் தோலைப் பிடித்து இழுத்துப் பிய்த்தாயே, சீக்கிரம் காயும் என்று. அழுக்கு நகத்தோடு.

நீ அவள் முகத்தைத்தான் படம் பிடித்தாய், சிரிக்கிறாள் என்று. கையைப் பார்த்தாயா? புல்லை வேரோடு பிடுங்கி வைத்திருக்கிறாள்.

மறுநாள் ஓடினாள், மூன்றாவதாக வந்தாள். வியாழக்கிழமை காலை காய்ச்சல். முழங்கால்வரை சிவந்து, தொட்டால் அடுப்பு மாதிரி சுட்டது. ஒட்டியிருந்ததைப் பிரித்ததும் வந்த நாற்றத்தை எழுத மாட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பிலிருந்து அப்படி ஒரு நாற்றம் வரக் கூடாது.

வார்டில் ஹஸ்ருல் என்று ஒரு தாதி, பிறை ஊரைச் சேர்ந்த பையன், முன்பு பந்து விளையாடியவர். புண்ணைக் கழுவும்போது, "அக்கா, யாரு இதப் பிச்சு விட்டது? அந்தத் தோலுதானே உள்ள கிருமி போகாம மூடியிருக்கும். அதப் போயி யாராச்சும் பிய்ப்பாங்களா லா?" என்று கேட்டார். கோச் என்றேன். என் தம்பி என்று சொல்லவில்லை. அன்றைக்கும் உன்னை மறைத்தேன்.

ஹஸ்ருல்தான் ஒவ்வொரு நாளும் கட்டு மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவார். சப்பாத்து வாங்க சாயங்காலம் போக வேண்டுமாம், கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரம். முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். புதியதை வீட்டில் போட்டு நடந்து, பிறகு சின்ன ஓட்டம், அதற்கப்புறம்தான் நீள ஓட்டம். நனைந்த பருத்திக் காலுறை உப்புத்தாள் மாதிரி உரசுமாம். வியர்வையை இழுத்து வெளியே விடுகிற ஓட்டக் காலுறை போட்டு, மாற்றுவதற்கு இன்னொரு ஜோடியும் பையில் வைக்க வேண்டும். உரசுகிற இடத்தில் கொஞ்சம் வாஸ்லின் தடவலாம். எல்லாவற்றையும்விட, ஓரிடம் சூடாகிறது என்று பிள்ளை சொன்ன உடனே நிறுத்தி டேப் ஒட்ட வேண்டும். "பத்து நிமிஷ வேலைதான் அக்கா. எந்த கோச்சுக்கும் தெரியும்" என்றார்.

உனக்கும் தெரியும். சான்றிதழைச் சட்டம் போட்டு அம்மா வீட்டில் மாட்டி வைத்திருக்கிறாய். உன் பையில் அந்த டேப்பும் இருந்தது. உன் முழங்காலுக்கு ஒட்டிக்கொள்வாய். பத்து நிமிடம் மிச்சம் பிடித்ததில் என் பிள்ளை ஒன்பது நாள் கையில் ஊசியோடு படுத்திருந்தாள். மூன்றாம் நாள் நீ விமானம் ஏறினாய். "சீக்கிரம் குணமாகு, சாம்பியன்" என்று ஒரு பொம்மைப் படம் அனுப்பினாய். மருத்துவமனை வழியாகத்தானே விமான நிலையத்துக்குப் போனாய்?

இவ்வளவையும்கூட நான் விழுங்கியிருப்பேன். கூடப் பிறந்தவன் என்று எத்தனையோ விழுங்கியாயிற்று. உன் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல், வாயையும் திறக்காமல் இருந்திருப்பேன். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது காமினி காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா, நாளைக்கு விசாரணைல நானே வந்து சொல்லிடறேன். ஸ்கூல் சப்பாத்து கடிச்சிருச்சுன்னு" என்றாள். யார் சொல்லச் சொன்னது என்று கேட்டேன். நீ அனுப்பியிருந்ததைத் திறந்து போனை நீட்டினாள்.

'மாமாவோட எதிர்காலம் உன் கையிலதான் இருக்குடா செல்லம். அம்மாட்ட சொல்லாத.'

குழாயடியில் போய் நின்று வாந்தி எடுத்தேன். திரும்பி வந்ததும் அவள் கேட்டது இதுதான்: "மாமாவுக்கு வேலை போயிடுமாம்மா? என்னாலயா?"

உன் நகத்தைக்கூட மன்னித்துவிடலாம். இதை என்னால் முடியவில்லை. காலைக் கெடுத்தாய், பரவாயில்லை, தோல் வளரும். உள்ளே போய் அந்தப் பிள்ளையின் மனசில் குத்தப் பார்த்தாயே, உனக்கு அருவருப்பாக இல்லையா? எனக்கு உன் பெயரைத் தாளில் எழுதும்போதே கை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை நான் விசாரணைக்குப் போனேன். காமினியைக் கூட்டிப் போகவில்லை. போவதற்கு முன் ஜார்ஜ் டவுனுக்குப் போய், ஹபீபா பீவியின் கடையில் கல்லாவுக்கு முன்னால் நின்று, அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னா தனம், பிள்ள காலு பெருசா, கப்பு பெருசா? நீயும் பெத்தவதானே" என்றார். பிறகு கடையை மகனிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தார்.

காமினியின் பாதத்தை ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். சப்பாத்தின் உள்தகட்டை உருவி அதன்மேல் வைத்தேன். விரல் நுனிகள் வெளியே நின்றன. மேசையில் இருந்த மூன்று பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். வீடியோவைக் காட்டினேன். நீ காமினிக்கு அனுப்பியதையும் காட்டினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க அவரோட சொந்த அக்காதானே?" என்று கேட்டார். "ஆமா. இந்தப் பிள்ளையும் எனக்குச் சொந்தம்தான்" என்றேன். அதற்குப் பிறகுதான் மற்ற பெற்றோர் வாய் திறந்தார்கள். இன்னும் ஆறு பிள்ளைகளுக்குக் காலில் புண் இருந்திருக்கிறது. வீட்டில் மறைத்திருக்கிறார்கள், இரும்புக் கால் இல்லை என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்து.

உன் பெயரைக் கழகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அறிக்கை மாநிலச் சங்கத்துக்கும் உன் பள்ளிக்கும் போகிறது. இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்தாலும் சேரும். என் வாக்குமூலம்தான் அதில் முதல் பக்கம். யாரோ சொன்னார்கள் என்று நீ ஊரில் யாரையும் குறை பேச வேண்டாம். சொன்னது நான். அம்மாவிடமும் நானே சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

காமினி திரும்ப ஓடுவாளா என்று தெரியவில்லை. கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். ஓடாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்குப் போன் செய்யாதே. எழுதுவதானால் ஒரே ஒரு வரி எழுது: உன்னால் இல்லை, மாமாவால்தான் என்று. அதற்கு மேல் ஒரு சொல் இருந்தாலும் அவளிடம் காட்ட மாட்டேன்.

உன் பள்ளி உன்னை வைத்துக்கொள்ளுமோ அனுப்பிவிடுமோ, அது அவர்கள் பாடு. வைத்துக்கொண்டால் ஒன்று கேட்கிறேன். உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. அங்கேயும் யாரோ பெற்று அனுப்பிய பிள்ளைகள் காலையில் உனக்கு முன்னால் வந்து நிற்கும். ஓட விடுவதற்கு முன் குனிந்து அவர்கள் காலைப் பார். கையைக் கழுவிவிட்டுத் தொடு. வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், நம்பு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா
தனலெட்சுமி