மறுமுறுக்கு

ஜூன் 9, செவ்வாய்
மருத்துவமனையிலிருந்து எங்கள் வால்வு ஒன்று திரும்பி வந்திருக்கிறது. புற்றுநோய் மருந்துக் குழாயின் இணைப்பில் பொருத்துவது, நான் வரைந்தது. கழுத்தில் முடி போல ஒரு விரிசல். கையிருப்பில் உள்ளவற்றில் நீலச் சாயத் தண்ணீர் ஏற்றிச் சோதித்தபோது ஒன்றுகூடக் கசியவில்லை.
"நம்மகிட்ட கசியலையே, சிஹாயா. அங்க போய் கசிஞ்சா அது அவங்க கைப்பிசகு," என்றார் பிரிவுத் தலைவர் குசகபே.

ஜூன் 11
வால்வு திரும்பி வந்த வார்டில்தான் அக்கா நர்ஸ். வால்வைக் கொடுத்துப் பூட்டச் சொன்னேன். பூட்டினாள். பிறகு இன்னொரு திருகு.
"ஷிப்டுக்கு வர்றவ ஒவ்வொருத்தியும் எல்லா இணைப்பையும் முறுக்கிப் பாக்கணும். நீ வீட்டைப் பூட்டிட்டு இழுத்துப் பாக்க மாட்டியா?"
நாங்கள் ஒரே ஒரு முறைதான் முறுக்கிச் சோதித்தோம். அக்கறையே உடைக்கிறதா?

ஜூன் 12
அந்த மருந்தில் ஆல்கஹால் உண்டு. அதில் ஊறவைத்து, மறுபடி மறுபடி முறுக்கினேன். விரிசல். சாயத் தண்ணீர் ஏற்றியதும் வெள்ளைத் தாளில் நீலம் பரவியது.
அந்த மருந்து தோலில் பட்டாலே கெடுதல். அக்காவுக்கோ மூன்றாம் மாதம். அதைத் தொடாதே என்று போனில் கெஞ்சினேன்.
"காரணம் கேட்டா என்னடி சொல்றது? அஞ்சாம் மாசத்துக்கு முன்னாடி யாராச்சும் வாயத் திறப்பாங்களா? சரி, அந்த வேலையை எங்க வார்டு மிகாமிகிட்ட மாத்திவிடறேன். சின்னப் பொண்ணு, முகம் சுளிக்க மாட்டா."
அப்பாடா.

ஜூன் 16
விரிசல்களைக் காட்டி, விற்பனையை நிறுத்தச் சொன்னேன்.
"வேற பிளாஸ்டிக்னா அச்சையே மாத்தணும். குளிர்காலம் வந்துரும்," என்றார் குசகபே. "'மீண்டும் முறுக்க வேண்டாம்'னு பெட்டியில ஒட்டிடலாம்."
"ஒட்டினா கேப்பாங்களா?"
"கேக்காட்டி நம்ம தப்பில்ல."
தலையாட்டிவிட்டு வந்தேன். அக்காதான் இப்போது அதைத் தொடுவதில்லையே — இப்படியா நினைத்தேன்? நினைத்தேன்.

ஜூலை 3
மிகாமி விடுப்பில் இருக்கிறாளாம். காய்ச்சல் என்றாளாம்.

ஜூலை 8
காய்ச்சல் இல்லை. அவளும் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்திருக்கிறாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. கலைந்துவிட்டது. போன மாதம் ஒருநாள் கையுறைக்குள் ஈரம் பட்டதாம். காரணம் எதுவென்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். முடியாதுதான்.
அக்கா கேட்டாள்: "எனக்குச் சொன்னியே, வார்டுக்கு ஏண்டி சொல்லல?"


ஜூலை 9
உடைந்த வால்வுகளை நானே மருத்துவமனை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மாலைக்குள் எங்கள் பெட்டிகளை வார்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். இவ்வளவுதான் வேலை.

ஆகஸ்ட் 20
இப்போது நான் வால்வு வரைவதில்லை, அட்டைப்பெட்டிக்கு அளவெடுக்கிறேன்.
அக்காவுக்கு ஐந்தாம் மாதம். சுகப்பிரசவம் வேண்டிக் கோயிலில் வயிற்றுப் பட்டை கட்டினார்கள். வார்டிலும் சொல்லிவிட்டாள். முதலில் கைதட்டியது மிகாமியாம். தட்டிவிட்டுச் சொன்னாளாம்:
"அந்த மருந்தெல்லாம் இனிமே எங்கிட்டயே குடுத்துடுங்கக்கா. எனக்குத்தான் இப்ப ஒண்ணும் இல்லையே."