கப்பல் படத்தைப் பார்த்த முருகையா

தாமுவே, ரங்கூன்
12-8-1926

சௌபாக்கியவதி உமையாளுக்கு,

நான் சுகம். நீயும் குழந்தையும் சுகமா என்று கேட்க எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது.

நேற்று ஒரு புத்தகத்தில், ஆப்பிரிக்கரை அடிமைகளாக அமெரிக்காவுக்கு ஏற்றிப்போன கப்பலின் படம் பார்த்தேன். சிப்பம்போல் மனிதரை அடுக்கியிருந்தார்கள். ஓரங்குலமும் வீணாக்கவில்லை. என் அறையில் தங்கியிருக்கும் துறைமுகக் கூலி முருகையா எட்டிப் பார்த்தார்.

"நாம வந்த கப்பலைவிடத் தாராளமா இருக்கே."

"அவங்களுக்கு விலங்கு போட்டிருந்தாங்கண்ணே. வழியில செத்தவங்களைக் கடல்ல வீசினாங்க."

படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஊருக்குக் கடுதாசி போட விட்டாங்களா?"

"இல்லைண்ணே. பேரையே மாத்திட்டாங்க."

"சரி, உன்னை யாருய்யா தடுத்தா?"

எழுதினால் வீட்டு நினைவு வரும் என்று தள்ளிப்போட்டதை அவரிடம் சொல்லவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பு. பதிலை யார் எழுதிக் கொடுத்தாலும், அடியில் மஞ்சள் தொட்டு உன் விரலைப் பதித்து அனுப்பு. தபாலுக்கு நேரமாகிறது.

உன்
வடிவேல்