பையில் இருந்த ஃப்யூஸ்

இன்று காலை மிக்ஸி புகைந்தது. வயர் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியதும் நான் சுவரோரம் ஒதுங்கிவிட்டேன். என் மனைவி சுவிட்சை அணைத்துவிட்டு, "மிக்ஸிதானே, இன்னாத்துக்கு இப்டி பயந்துக்கினு கீறீங்க?" என்று சிரித்தாள். அவளிடம் சொல்ல முடியவில்லை. உனக்கு எழுதுகிறேன், மச்சான்.

அப்போதெல்லாம் நாம் இருவரும் உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு பஸ் பிடித்து, ஷெட்டில் நிற்கும் ரயில் எஞ்சின்களில் ரேடியோ பொருத்தப் போவோம். அதற்கு மின்சாரம் எஞ்சினின் பேட்டரியிலிருந்து வரும், நூற்றுப்பத்து வோல்ட். நமக்குள் ஒரு வழக்கம். வேலை தொடங்குமுன் ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். அது நம்மிடம் இருக்கும்வரை வேறு எவனும் மின்சாரம் கொடுத்துவிட முடியாது. நல்ல வழக்கம்தான், பையை ஒழுங்காகக் காலி செய்கிறவனுக்கு.

அன்று இரண்டாவது எஞ்சின். பழைய கேபிளை வெட்ட நீ மண்டியிட்டிருந்தாய். ஃப்யூஸ் பெட்டிப் பக்கம் நான்.

"ஆஃப் பண்ட்டியா?"

பையைத் தொட்டேன். ஃப்யூஸ் தட்டுப்பட்டது. "பண்ட்டேன். பாக்கெட்ல கீது."

நீ வெட்டினாய். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், வெடிச்சத்தம். கட்டரின் வாய் உருகியிருந்தது. உன் விரல்களில் தோல் சுருண்டிருந்தது. நீ கத்தவே இல்லை, நான்தான் கத்தினேன்.

பையிலிருந்தது காலையில் முடித்த எஞ்சினுடையது. அங்கே புதியதைப் போட்டுவிட்டுப் பழையதைப் பையிலேயே மறந்திருந்தேன். இந்த எஞ்சினின் ஃப்யூஸை நான் தொடவே இல்லை.

மேற்பார்வையாளரிடம் "கட்டர் சறுக்கிடுச்சு சார்" என்றாய். பஸ்ஸில், "கை ஆறிடும் மச்சான். உன் மூஞ்சிதான் பேஜாரா கீது" என்று கேலி வேறு. ஏரிக்கரை வந்ததும் மெதுவாகச் சொன்னாய்: "மீட்டர் பக்கத்துலயே இருந்திச்சு. கரண்ட் கீதான்னு வெச்சிப் பாத்துருக்கணும். நீ சொன்னேன்னு வுட்டுட்டேன்."

நீ திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருடமாகிறது. உன் காரியத்துக்கு வந்த ஷெட்டுக்காரர்கள் யாருக்கும் உண்மை தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நான்தான் சீனியர். எஞ்சின் கூரைமேல் ஏரியல் மாட்ட ஆள் ஏறும்போது, அவன் தலைக்குமேல் இருபத்தைந்தாயிரம் வோல்ட் கம்பி போகிறது. அன்று நீ அந்தக் கூரையில் நின்று கேட்டிருந்தால் விரல் வெந்ததோடு போயிருக்காது. ஏணியில் கால் வைத்தவன் திரும்பி, "லைன் ஆஃபாண்ணே?" என்கிறான். நான் 'ஆமாம்' சொல்வதில்லை. அவனை இறக்கிக் கூட்டிப்போய், மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் செய்திருப்பதைக் காட்டுகிறேன். "நீயே பாத்துக்கோ. நான் சொன்னேன்னு ஏறாத."

"அண்ணன் ரொம்பப் பொறுப்பு" என்று மெச்சுகிறார்கள். அதைக் கேட்கும்போதுதான் அதிகம் பயப்படுகிறேன். என்னை மெச்சுகிறவன் ஒருநாள் என் பேச்சை நம்பிப் பார்க்காமல் ஏறிவிடுவான். நாளைக்கு உன் கை எப்படி வெந்தது என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். அப்புறமாவது என்னை நம்பாமல் இருக்கட்டும்.